துருப்பிடித்த மசில் கார்: வாங்கலாமா, மீட்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட் புறநகரில் குடியிருப்பவனுக்குப் பழைய கார் பைத்தியம் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் உட்வர்ட் அவென்யூவில் ஆயிரக்கணக்கான பழைய கார்கள் ஊர்வலம் போகும். அது முடிந்ததுமே நண்பர்களிடமிருந்து எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்.

மசில் கார்னா என்ன? பழைய அமெரிக்க கார் எல்லாமே மசில் கார்தானா?

இல்லை. நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரில், பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றதுதான் மசில் கார். 1964ல் வந்த பான்டியாக் ஜிடிஓவிலிருந்து கணக்கைத் தொடங்குவது வழக்கம். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு விதி வைத்திருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாகக் காட்டவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதியாக அதை விற்று, விதிக்குப் பிடிகொடுக்காமல் தப்பித்தார்கள். இந்தத் தந்திரம் இன்று வாங்குபவர்களுக்கு ஒரு தலைவலி. அசல், போலி பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

ஃபோர்டு மஸ்டாங், செவர்லே கேமரோ போன்ற சற்றே சிறிய ஸ்போர்ட்ஸ் தோற்றக் கார்களைப் 'போனி கார்' என்று தனியாகப் பிரிப்பவர்கள் உண்டு. பெரிய எஞ்சின் இருந்தால் ஊரில் எல்லாரும் மசில் கார் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே. இன்ஷூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973 எண்ணெய்த் தடை எல்லாம் சேர்ந்து இந்த வகைக்கு முடிவு கட்டின.

அந்தக் காலத்து இரும்பு கெட்டின்னு சொல்வாங்களே, அப்புறம் ஏன் இவ்வளவு துரு?

தகடு இன்றைய கார்களைவிடக் கொஞ்சம் தடிமன்தான். ஆனால் இன்று பாடியின் பெரும்பகுதிக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு; அன்று அது கிடையாது. பெட்டி போல மூடிய பகுதிகளின் உட்புறத்துக்குப் பிரைமர் ஒழுங்காகப் போய்ச் சேரவும் இல்லை. மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் இடுக்குகளில் தங்கி உள்ளிருந்தே அரித்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இவை பொத்திப் பாதுகாக்கிற கார்களாக விற்கப்படவில்லை. 1968 பிளிமத் ரோட் ரன்னரின் தொடக்க விலை 3,000 டாலருக்கும் குறைவு. வாங்கியவர்கள் இளவட்டங்கள், கோடையில் ரேஸ், பனியில் வேலைக்குப் போக அதே கார். பெட்ரோல் விலை ஏறியதும் மலிவாகக் கைமாறி, கடைசியில் யார் வீட்டுக் கொல்லையிலோ போய் நின்றுவிட்டன.

மரத்தடியில் மக்கிக் கிடக்கிற காருக்கு ஏன் இவ்வளவு விலை சொல்றாங்க?

பல நேரம் சும்மா ஆசைக்குச் சொல்கிறார்கள். டிவியில் ஏலம் பார்த்துவிட்டு, அங்கே பளபளவென்று நின்ற காரின் விலையைத் தன் கொல்லையில் இருப்பதற்கும் சொல்கிற ஆட்கள் நிறைய.

நியாயமாகவே விலை பெறும் துருக் கார்களும் உண்டு. எத்தனை செய்தார்கள், எந்த எஞ்சினோடு செய்தார்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. 1966 மஸ்டாங் 6 லட்சத்துக்கு மேல் தயாரானது. ஸெட்எல்1 என்ற அபூர்வ எஞ்சினோடு வந்த 1969 கேமரோ வெறும் 69. 'ஹெமி' என்று பேர்போன 426 கன அங்குல எஞ்சினோடு வந்த 1971 பிளிமத் குடா கன்வர்ட்டிபிள் (கூரையை மடிக்கக்கூடிய கார்) 11 என்பது பொதுவான கணக்கு. அதில் ஒன்று 2014ல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அப்படி ஒரு கார் பாதி அரித்துக் கிடந்தாலும் ஆட்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். ஆறு சிலிண்டர் மஸ்டாங் அதே நிலையில் கிடந்தால் அது உதிரிப் பாகத்துக்குத்தான்.

சரி, என் மாமனார் கராஜில் ஒன்னு இருக்கு. எவ்வளவு பெறும்?

போனில் சொல்ல முடியாது. பழைய கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியான ஹேகர்ட்டியின் விலைக் கையேட்டில் நான்கு நிலைகள் இருக்கும். ஒன்று என்றால் கண்காட்சித் தரம், நான்கு என்றால் ஓடும் ஆனால் குறைகள் கண்ணுக்குத் தெரியும். ஓடாத, பொத்தல் விழுந்த கார் நான்குக்கும் கீழே. அதற்கு அந்தக் கையேட்டில் விலை இருக்காது.

நான் பின்னாலிருந்து கணக்குப் போடுவேன். வேலை முடிந்த பிறகு அந்தக் கார் எவ்வளவுக்குப் போகும் என்று பார்த்து, அதிலிருந்து வேலைச் செலவைக் கழிப்பேன். மிஞ்சுவதுதான் இன்றைய விலை. பெரும்பாலான கார்களுக்குக் கழித்தல் முடிந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், மாமனாரிடம் அதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: விளம்பரத்தில் கேட்கிற விலையை எடுக்காதீர்கள், விற்று முடிந்த விலையை எடுங்கள். ஏலத்தில் விற்றதென்றால் வாங்குபவர் கட்டும் கூடுதல் கட்டணம் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் பார்க்கும்போது நல்லாத்தான் தெரிஞ்சது. துரு எங்கே ஒளிஞ்சிருக்கும்?

தண்ணீர் தங்குகிற இடங்களில். முதலில் முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள காற்றுத் துளைப் பகுதி. 1965 முதல் 1968 வரையான மஸ்டாங்கில் இதுதான் பேர்போன வியாதி: உள்ளே அரித்து, மழைத்தண்ணீர் நேராக டிரைவர் காலடியில் சொட்டும். ஒரு குடம் தண்ணீரை அங்கே ஊற்றிவிட்டு உள்ளே கார்ப்பெட்டுக்குக் கீழே கைவைத்துப் பாருங்கள். விற்பவர் ஊற்ற விடவில்லை என்றால் அதுவே பதில்.

அடுத்து கூரை. வினைல் துணி ஒட்டிய கூரையை நான் நம்புவதே இல்லை. துணிக்கு அடியில் ஈரம் தங்கி, பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்பு முழுக்க அரித்திருக்கும். அங்கிருந்து தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். டிக்கித் தரையும் அதன் இருபக்கச் சரிவுகளும் போகும். பின் சக்கர வளைவு, கதவின் அடி விளிம்பு, பேட்டரித் தட்டுக்குக் கீழே, பிளிமத், டாட்ஜ் கார்களில் ஸ்ப்ரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் லீஃப் ஸ்ப்ரிங் மாட்டும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும்.

கையில் ஒரு சின்னக் காந்தமும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அடியில் இருப்பது இரும்பல்ல, பட்டிப் பூச்சு. காரைத் தூக்கி அடிச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். 'ணங்' என்றால் சரி, மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே உளுத்திருக்கிறது.

எவ்வளவு துரு வரைக்கும் பரவாயில்லை?

அளவைவிட இடம்தான் முக்கியம். மட்கார்டு, கதவு, பானெட் எல்லாம் போல்ட்டைக் கழற்றி மாற்றுகிற சாமான். பார்க்கக் கோரமாக இருந்தாலும் பயமில்லை. செவர்லே செவெல், ஜிடிஓ மாதிரி கார்களுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பாடியைத் தூக்கிவிட்டு வேலை பார்க்கலாம். சேஸிஸே அரித்திருந்தாலும் வேறு சேஸிஸ் தேடிக்கொள்ள வழி இருக்கிறது.

மஸ்டாங், டாட்ஜ் சார்ஜர், சேலஞ்சர் போன்றவற்றில் பாடியே சேஸிஸ். அங்கே தரையும் அதன் அடியில் ஓடும் சட்டங்களும் போனால் காரின் முதுகெலும்பே போன மாதிரி. கதவு திறந்து மூடும்போது இடைவெளி ஒரே சீராக இல்லாமல் மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கலாம். கன்வர்ட்டிபிளில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். தாங்குவதற்குக் கூரை கிடையாது.

அரிசோனா கார்னு சொல்றாங்க. துருவே இருக்காதா?

அரிசோனா வறண்ட பாலைவன மாநிலம். தரை, சட்டம் எல்லாம் பெரும்பாலும் நன்றாக இருக்கும், அதற்குத்தான் கூடுதல் விலை. வெயிலில் டேஷ்போர்டு, சீட், ரப்பர் எல்லாம் பொரிந்திருக்கும். ஆனால் அவற்றைப் புதிதாக வாங்கிவிடலாம். வண்டி பிறந்ததிலிருந்தே அரிசோனாவில் இருந்ததா, ஒஹாயோவில் இருபது பனிக்காலம் பார்த்துவிட்டுப் போன வருஷம் வந்ததா என்று மட்டும் கேளுங்கள்.

பொத்தலில் பட்டி போட்டுப் பெயின்ட் அடிச்சாப் போதாதா?

விற்கப் போகிறீர்கள் என்றால் பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். பட்டி என்பது நல்ல தகட்டின் மேல் மெல்லியதாகத் தடவி மேடுபள்ளம் சரிசெய்வதற்கு. பொத்தலில் அடைத்தால் பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறி, சீக்கிரத்திலேயே பெயின்ட் கொப்பளிக்கும்.

துருவை எடுக்க மணல் அடிக்கலாமா?

கனமான சாமான்களுக்கு, அதாவது சேஸிஸ், ஆக்சில், சஸ்பென்ஷன் கைகளுக்கு, தாராளமாக. பானெட், கூரை, கதவு போன்ற அகலமான தகடுகளுக்கு வேண்டாம். மணல் வேகமாக மோதும்போது தகட்டின் மேல்பரப்பு விரிந்து, மொத்தத் தகடும் நெளிந்துவிடும். அப்புறம் அதை நேராக்க முடியாது. அவற்றுக்குப் பிளாஸ்டிக் துகள் அடிப்பது நல்லது. சோடாத் தூள் பெயின்ட்டை எடுக்கும், துருவை எடுக்காது. கழுவாமல் விட்டால் அதன் எச்சம் புதுப் பெயின்ட்டையே உரித்துவிடும்.

சின்னச் சாமான்களுக்கு நான் விரும்புவது மின்பகுப்பு. வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், சாமானுக்கு நெகட்டிவ், ஒரு பழைய இரும்புத் துண்டுக்குப் பாசிட்டிவ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மட்டும் பாசிட்டிவில் கட்டவே கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த இடத்தில் செய்யுங்கள். முழுப் பாடியையும் ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கிற பட்டறைகளும் உண்டு. நன்றாகச் சுத்தமாகும், ஆனால் மூடிய சட்டங்களுக்குள் தங்கிய ஆசிட் பெயின்ட் அடித்த பிறகு கசிந்து வரும். தரமாகக் கழுவி நடுநிலையாக்கும் பட்டறையா என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

எந்த முறையானாலும் வெறும் இரும்பை இரவு முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். அன்றைக்கே எபாக்சி பிரைமர் ஏற வேண்டும்.

புதுத் தகடு கிடைக்குமா? முழு பாடியே புதுசா வாங்கலாமாமே?

கிடைக்கும். இந்த வசதி இருப்பதால்தான் ஒருகாலத்தில் நசுக்கப் போயிருக்கும் கார்கள் இன்று பிழைக்கின்றன. ஆட்டோ மெட்டல் டைரக்ட் பிளிமத், டாட்ஜ் தகடுகளைச் செய்கிறது. டைனகார்ன் கேமரோ, மஸ்டாங்குக்கு முழுக் கூட்டையே செய்து விற்கிறது. ஆனால் எல்லாத் தகடும் அச்சாகப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். வெட்டுவதற்கு முன்னால் புதுத் தகட்டைப் பொருத்தி வைத்துப் பாருங்கள்.

தரையை வெட்டுவதற்கு முன் கதவுகளைச் சரியாகப் பொருத்தி, கதவு நிலையில் சதுரக் குழாய்களைக் குறுக்கே வெல்டிங் வைத்துப் பாடியைக் கட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி சற்றே தொய்ந்த நிலையில் புதுத் தரையோடு சேர்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் மூடாது. வெல்டிங்கையும் நீளமாக இழுக்காமல், அங்கே ஒரு புள்ளி இங்கே ஒரு புள்ளி என்று சூடு ஆற விட்டு வைக்க வேண்டும். பழைய அசலில் எவ்வளவு மிச்சம் வைக்க முடியுமோ அவ்வளவு வையுங்கள்.

பல வருஷம் நின்ற எஞ்சின். பேட்டரி மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊற வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் ஆயில் மாற்றி, டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை எடுத்துவிட்டு, தனிக் கேனிலிருந்து எரிபொருள் கொடுங்கள். எஞ்சின் ஓடியதும் சாலைக்கு எடுக்கத் தோன்றும். பிரேக்கைத் தொடாமல் எடுக்காதீர்கள். 1967க்கு முந்தைய பெரும்பாலான கார்களில் பிரேக் ஒற்றைச் சர்க்யூட்தான். துருப்பிடித்த ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? சரிபண்ணி வித்தா லாபம் வருமா?

கையிலிருந்து செய்கிற செலவில் பெரியது சாமான் அல்ல, மணி நேரம். நன்றாக அரித்த ஒரு காரை முழுக்கப் பிரித்து மீட்கப் பட்டறையில் 1,000 மணி நேரம் தாண்டுவது சாதாரணம். மணிக்கு 100 டாலர் என்று வைத்தாலே ஒரு லட்சம் டாலர். எஞ்சின், குரோம் பூச்சு, பெயின்ட், சீட் எல்லாம் அதற்கு மேல். இதனால்தான் துரு இல்லாத உடம்புக்கு 10,000 டாலர் கூடக் கொடுத்தாலும் அது மலிவு என்கிறேன். அந்தப் பணத்துக்குப் பட்டறையில் 100 மணி நேர டிங்கரிங்தான் கிடைக்கும்.

லாபம் என்பது அபூர்வமான எஞ்சின், முழு ஆவணம், மீட்கக்கூடிய உடம்பு மூன்றும் சேர்ந்தால்தான். மற்றபடி இது பணம் போகிற பொழுதுபோக்கு. உழைப்பை நீங்களே போட்டால் நஷ்டம் குறையும், அவ்வளவே. ஓட்டுவதுதான் ஆசை என்றால் வேறொருவர் செலவழித்து முடித்து விற்கிற காரை வாங்குங்கள். அவர் போட்டதில் பாதி விலைக்கே கிடைக்கலாம்.

அசல் ஜிடிஓவா, அசல் ஹெமியா, போலியான்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வழி. பிளிமத், டாட்ஜ் உள்ளிட்ட கிரைஸ்லர் கார்களில் வி.ஐ.என். என்கிற, காரின் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 1971ல் 'ஆர்' என்றால் ஹெமி. ஆலையில் காரோடு கூடவே நகர்ந்த தயாரிப்புத் தாள் சில நேரம் சீட் ஸ்ப்ரிங்குகளுக்கு நடுவே இன்னும் செருகியிருக்கும். அதனால் பழைய சீட்டைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன் நன்றாகத் தேடுங்கள். ஃபோர்டு என்றால் 1967 முதலான கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். கம்பெனியின் தயாரிப்புப் பதிவிலிருந்தே வருவது.

ஜிடிஓவில்தான் முதல் கேள்வியில் சொன்ன தலைவலி. 1964, 1965ல் அது கூடுதல் வசதி மட்டும் என்பதால் வி.ஐ.என். எண்ணில் தெரியாது. பி.ஹெச்.எஸ். என்ற நிறுவனம் வைத்திருக்கும் பான்டியாக் ஆவணம் ஒன்றுதான் நம்பகமான வழி. 1966 முதல் எண் 242 என்று தொடங்கினால் ஜிடிஓ. செவர்லேதான் கடினம். 1969 கேமரோவின் எண், ஆறு சிலிண்டரா எட்டா என்று மட்டும் சொல்லும். ஸெட்28 என்ற விலையுயர்ந்த ரேஸ் ரகமா என்று காட்டாது. சாதாரண கேமரோவை ஸெட்28 ஆக்கி விற்பதற்குக் கதவு திறந்தே இருக்கிறது.

'நம்பர் மேட்சிங்' இல்லைன்னா வாங்கக் கூடாதா?

காரின் எண்ணோடு ஒத்துப்போகிற எண் அடித்த அசல் எஞ்சின் இன்னும் அதே காரில் இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். விலையுயர்ந்த கார்களில் இதனால் பெரிய வித்தியாசம் வரும். எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பவர்கள் இருப்பதால், எண் அடித்த இடத்தில் ஆலையில் சீவிய கோடுகள் அப்படியே இருக்கின்றனவா என்று விவரமானவரை வைத்துப் பாருங்கள். வார இறுதியில் ஓட்டத்தான் என்றால் எண் பொருந்தாத கார்தான் நல்ல பேரம்.

துருவோடு அப்படியே விட்டாத்தான் விலை அதிகம்னு சொல்றாங்களே?

சில கார்களுக்கு உண்மை. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 1968 படம் ஒன்றில் ஓட்டிய பச்சை மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974ல் வாங்கி வைத்திருந்தது. 2020 ஜனவரியில் மங்கிய பெயின்ட், துரு எதையும் மாற்றாமல் ஏலத்துக்கு வந்து, கட்டணத்தோடு 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. புதுசாக்கியிருந்தால் அதன் சரித்திரமே அழிந்திருக்கும்.

ஆனால் அசல் பெயின்ட் மங்கி, ஓரங்களில் லேசாகத் துரு பூத்திருப்பது வேறு. தரை உதிர்ந்து சாலை தெரிவது வேறு. 2013 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் பியர்ஸ் ஊரில், மூடிய லாம்ப்ரெக்ட் செவர்லே விற்பனையகத்தின் சுமார் 500 கார்கள் ஏலம் போயின. உள்ளே வைத்திருந்த, 1.3 மைல் மட்டுமே ஓடிய 1958 கேமியோ பிக்கப் 1,40,000 டாலர் பெற்றது. வயலில் மழையும் பனியும் தின்ற கார்கள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

டேஷ் அரிச்சுப் போச்சு. வி.ஐ.என். பட்டையைக் கழற்றி வேற பாடியில் மாட்டலாமா?

கழற்றாதீர்கள். வி.ஐ.என். பட்டையை அகற்றுவதும் மாற்றுவதும் மத்திய சட்டப்படி குற்றமாகலாம். பழுதுபார்ப்புக்குத் தவிர்க்க முடியாமல் கழற்றுவதற்கு விலக்கு இருந்தாலும், மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கான்சஸில் ஒருவர் வாங்கிய 1959 கார்வெட், பழைய ரெஸ்டோரேஷனின்போது பட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார்கள் என்பதற்காகவே 2017ல் பறிமுதலானது. திருட்டுக் கார் இல்லை, இருந்தும் வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது. 2022ல் மாநிலம் சட்டத்தையே திருத்தியது.

முழுப் புதுக் கூட்டில் பழைய பட்டையை மாட்டுவது இன்னும் சிக்கல். அது அந்தக் காரா, வேறு காரா என்ற கேள்விக்கு மாநிலப் போக்குவரத்து அலுவலகம்தான் பதில் சொல்ல முடியும். வேலை தொடங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள்.

டைட்டில் இல்லையாம், அதனால பாதி விலைக்குத் தரேன்கிறார். வாங்கலாமா?

டைட்டில் என்றால் நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி, உரிமையைக் காட்டும் தாள். முன்பெல்லாம் வெளிமாநிலத்தவர்கூட வெர்மான்ட் மாநிலத்தில் தபாலிலேயே பழைய காரைப் பதிவு செய்து காகிதம் வாங்கிவிடுவார்கள். 2023ல் அந்த வழியை இறுக்கிவிட்டார்கள். பல மாநிலங்களில் பிணைத்தொகை கட்டி டைட்டில் வாங்கும் முறை இருக்கிறது, உங்கள் மாநிலத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் எண்ணைப் போலீஸில் சரிபார்க்கச் சொல்லுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன் திருடு போன கார் என்று தெரிந்தால், நீங்கள் எவ்வளவு வெல்டிங் வைத்திருந்தாலும் வண்டி அசல் உரிமையாளருக்கோ அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ போய்விடலாம். சரிபார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், பாதி விலை இல்லை, கால் விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.